எரிந்தது எது

என் அண்ணன் அப்பா முன்னால் ஸ்விட்சைத் தொடமாட்டான். ஐம்பத்து நான்கு வயது, மத்திய அரசில் ஒரு பிரிவையே மேய்க்கிற அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வருவான். ஸ்விட்ச் போர்டுக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்காருவான். வியர்த்து வழிய வழிய, அடுக்களையில் இருக்கும் என்னைக் கூப்பிடுவான். "ஏட்டி, கொஞ்சம் அந்த ஃபேனப் போடேன்." அவன் வீட்டிலும் மிக்ஸி, கீசர், இன்வர்ட்டர் எல்லாம் அண்ணி பொறுப்புதான். சுத்தச் சோம்பேறி என்று அண்ணி சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உண்மைக் காரணம் தெரிந்துகொண்டே சிரித்தேன் என்பதால் அது அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

காரணம் அப்பாவின் ஒரு வாக்கியம். வீட்டுக்கு யார் வந்தாலும், அண்ணன் அங்கே இருந்துவிட்டால் போதும், காபி ஆறுவதற்குள் அது வந்துவிடும். "என் ஸ்கூட்டர ஒரே கோடையில எரிச்சுப்புட்டான் இவன்." வந்தவர் முழிப்பார். அப்பா உற்சாகமாகக் கதையை ஆரம்பிப்பார். அண்ணன் தரையைப் பார்த்துச் சிரிப்பான்.

கதை இதுதான். அப்போது நாங்கள் ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். அவர் முறை வருகிற சமயம் பார்த்து, லண்டனில் வேலை முடிந்து திரும்பிய நண்பர் ஒருவர் தன் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட நினைத்தார். ரப்பர் பொத்தான் வைத்த, நோட்டுப் புத்தக அளவுக் கறுப்புப் பெட்டி. டிவியோடு இணைத்தால் டிவியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டரிலிருந்து அதற்குள் ப்ரோகிராம் ஏறும். பிள்ளை படித்து முன்னுக்கு வருவான் என்று அப்பா ஸ்கூட்டரை விட்டுவிட்டு அதை வாங்கினார். அவர் ஆபீஸுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவது அப்படியே தொடர்ந்தது.

பிள்ளை என்றால் அண்ணன். அவனுக்குப் பதினான்கு, எனக்குப் பதினொன்று. நான் தொட்டால் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பொறாமையில் தூக்கமே வராது. கடைசியில் பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் ஒரு வழி கண்டுபிடித்தேன். டெல்லித் தூசிக்குப் பயந்து எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு: டிவிக்கு, ஃப்ரிட்ஜுக்கு, ஸ்டெபிலைசருக்கு, ரேடியோவுக்கு. கம்ப்யூட்டருக்கும் அம்மா ஒன்று தைத்துவிட்டாள். அதற்கு மின்சாரம் கொடுக்கிற அடாப்டர் மட்டும், சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் கட்டி, தரையில் அம்மணமாகக் கிடந்தது. குளிருக்குப் போர்த்துகிற பழைய ரஜாயைப் பிரித்துப் பஞ்சு எடுத்து, நீலத் துணியில் வைத்துத் தைத்து, அதற்கு நான் ஒரு உறை போட்டேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க். வீட்டுக்குக் கொண்டுவந்து நானே மாட்டினேன். இனிமேல் கம்ப்யூட்டரில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ஜூனில், லீவில், ஒரு மத்தியானம் டிவி திரை பொசுக்கென்று வெறுமையானது. ப்ளாஸ்டிக் தீய்ந்த வாசம் வந்தது. அண்ணன் அடாப்டர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான், ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "எப்பா, அண்ணன் கம்ப்யூட்டர எரிச்சுட்டான்!" அந்த வாக்கியத்தின் முதல் பதிப்பு என்னுடையது.

மறுநாள் மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் அப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டுபோனார். அவர் அடாப்டரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜல் கயா" என்றார். எரிந்துபோச்சு. எது எரிந்தது என்று அவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எல்லாமே ஒரு அட்டைப்பெட்டியில் ஏறியது, பெட்டி பரணில் ஏறியது; வீடு மாறியபோது எங்களோடு இந்த வீட்டுப் பரணுக்கும் வந்தது. அப்பா அண்ணனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அண்ணன் அதற்குப்பிறகு எந்த இயந்திரத்தின் பக்கமும் போகவில்லை. நான்தான் தொலைபேசித் துறையில் சேர்ந்து, முப்பது வருடமாகச் சர்க்யூட் பலகைகளில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மார்ச்சில் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். பழைய சாமான் எடுக்கிற கபாடிவாலா அந்தப் பெட்டியைக் கிளறி, கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு அடாப்டரை மட்டும் கையில் எடை பார்த்தார். "தீதி, இஸ்மே தாம்பா ஹை." உள்ளே செம்பு இருக்கிறதாம். அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "குடுத்துரு, எரிஞ்ச சாமான்தான" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். செம்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவதற்குள் ஒருமுறையாவது திறந்து பார்க்காமல் விட்டால் நான் என்ன மெக்கானிக்?

அடாப்டருக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மர், சில டயோடு, ஒரு கெப்பாசிட்டர். கரெண்டு உள்ளே வருகிற சுருளில் மீட்டரை வைத்தேன், முள் அசையவில்லை. சுருளின் மேல் சுற்றியிருந்த மஞ்சள் டேப்பைக் கத்தி நுனியால் பிரித்தேன். கீழே கிராம்பு அளவுக்கு ஒரு சின்ன ஃப்யூஸ் படுத்திருந்தது. சூடு அளவை மீறினால் இது தானாக அறுந்து மற்றதையெல்லாம் காப்பாற்றும். அறுந்திருந்தது இது ஒன்றுதான். ரேடியோக்காரர் சொன்ன "ஜல் கயா" இதற்குத்தான் சரி. கம்ப்யூட்டர் எரியவே இல்லை போலிருந்தது.

அப்படியானால் சூடு எங்கிருந்து வந்தது? மூடியைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் ப்ளாஸ்டிக் லேசாக இளகி இறுகியிருந்தது. அந்த இடுக்கில் பழுப்பேறிய பஞ்சு ஒட்டியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தபோது கூடவே ஒரு நீல நூல் வந்தது.

கொதிக்கிற ஜூனில், மணிக்கணக்காக ஓடுகிற அடாப்டருக்கு ரஜாய் போர்த்தியது நான். நாற்பது வருடம் திட்டு வாங்கியது அவன்.

மறுநாளே லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் பழைய அடாப்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பிஸ்கட் பாக்கெட் மாதிரி எடையே இல்லாத புதியது ஒன்றை நீட்டினார். அதன் மேல் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் சொருகுகிற பின்னுக்கு நடுவில் பிளஸ். எங்கள் கம்ப்யூட்டருக்கு நடுவில் மைனஸ் வேண்டும். அப்படியே சொருகினால் இந்தத் தடவை நிஜமாகவே எரியும். "பையா, யே உல்டா ஹை" என்றேன், இது தலைகீழாக இருக்கிறதென்று. "சப் ஏக் ஹீ ஹை, மேடம்" என்றார். எல்லாம் ஒன்றுதான் என்கிறவரிடம் நான் கரெண்டு சாமான் வாங்குவதில்லை. அடுத்த கடையில் சின்ன ஃப்யூஸ் இரண்டும் ஒரு கெப்பாசிட்டரும் வாங்கிக்கொண்டேன். புது அடாப்டர் வாங்கி வயரை மாற்றிப் பற்றவைத்தால் பத்து நிமிட வேலைதான், தெரியாமல் இல்லை. ஆனால் புதியது ஓடினால், பழையது ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

வீட்டுக்கு வந்து முதல் ஃப்யூஸைப் பற்றவைத்தேன். மீட்டர் அசையவில்லை. சூடு பட்டால் அறுவதற்கென்றே செய்த சாமானைச் சூட்டுக்கோலால் பற்றவைத்திருக்கிறேன்! முப்பது வருட சர்வீஸில் இதுவா என்று ஆபீஸில் யாரும் கேட்காதவரை நல்லது. இரண்டாவதன் கால்களைச் சின்னப் பித்தளைக் குழலில் நுழைத்து நசுக்கி இணைத்தேன். மேலே புது டேப் சுற்றி, கெப்பாசிட்டரையும் மாற்றி, ஒரு குண்டு பல்பை நடுவில் போட்டுக் கரெண்டு விட்டேன். உள்ளே பழுது இருந்தால் பல்பு விடாமல் எரியும்; அது ஒரு கணம் மினுக்கி அடங்கியது. வெளியே வருகிற வோல்டேஜ் சரி, நடுவில் மைனஸ் சரி. கம்ப்யூட்டரில் மட்டும் சொருகவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா என்றேன்.

வந்தவன் மேஜையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "இத எதுக்குட்டி எறக்குன?"

அப்பாவுக்கு ஏகக் குஷி. "வால, என் ஸ்கூட்டரு வந்துருக்கு பாரு" என்றார்.

என்ன பேசுவதென்று நான்கு நாளாக ஆபீஸ் போகிற மெட்ரோவில் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பழைய ஃப்யூஸையும் அந்த நீல நூலையும் ஒரு தட்டில் வைத்து அவன் முன்னால் நீட்டினேன். "அண்ணே, எரிஞ்சது கம்ப்யூட்டர் இல்ல, இந்தத் துணுக்குதான். எரிச்சது நீ இல்ல. நான் தச்ச உறை." காற்றுப் போக வழியில்லாமல் அடாப்டர் உள்ளேயே வெந்ததைச் சொன்னேன். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் நூலை விரலில் சுற்றிப் பார்த்தான். "தொட்டா சுடுதேன்னு ஒருநா அந்த உறையக் கழத்திப்போட்டேன். நீ மூணு நா எங்கூடப் பேசல. பொறவு நானே மாட்டிட்டேன்." அதை நான் அடியோடு மறந்திருந்தேன். பிறகு அவன் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தான். "அப்ப நான் ஒண்ணும் பண்ணலையாப்பா?" பதினான்கு வயதுப் பையன் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

அப்பா ஃப்யூஸை உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அந்த ஆளு ஜல் கயான்னானே" என்றார்.

"இதத்தாம்பா சொல்லிருக்காரு. இத மட்டுந்தான்."

நான் டிவியில் வயரை மாட்டி, அடாப்டரைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டு, ஸ்விட்சை அண்ணனுக்கு விட்டுவைத்தேன். "நீயே போடு" என்றான். "மாட்டேன்" என்றேன். அவன் வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டான். திரை கறுத்தது, பிறகு வெளுத்தது. அடியில் ஒரு வரி எழுத்து வந்து நின்றது.

அண்ணன் திரையைப் பார்க்காமல் குனிந்து அடாப்டரின் மேல் கையை வைத்தான். எடுத்தான், இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் வைத்தான். "சுடல" என்றான். அவன் நெற்றியிலிருந்து வியர்வை அதன் மேல் சொட்டிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் கேட்கவில்லை. ஃப்யூஸைத் தட்டில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "வேர்க்குதுல்லா, அந்த ஃபேனப் போடு" என்றார். பழக்க தோஷத்தில் நான் எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றார் அப்பா. "அவன் போடுவான்."