தண்ணிக்கு நட்சத்திரம்

இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுநாளே எங்கள் முதலாளி பாய், ஊர் வெப்சைட்டுக்கு ஃபில்டர் போட்டுவிட்டார். திருத்துறைப்பூண்டியில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலம். எங்கள் சென்டர் நடத்திய அந்த வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். வளைகுடாவில் வேலை பார்த்த நம் ஆட்கள் அதில் ஊர்க்கதை பேசுவார்கள். எவனோ ஒரு டீச்சர் பெயரைப் போட்டுக் கேவலமாக எழுதிவிட்டான். அவர் ஸ்கூலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். போலீஸ் வந்ததில் தப்பே இல்லை.

ஃபில்டர் தடுக்கும் வார்த்தை வந்தால் அந்த இடத்தில் நட்சத்திரம் விழும். பயத்தில் பாய் வாயில் வந்ததையெல்லாம் அதில் சேர்த்தார். குடிகாரப் பேச்சு வேண்டாமென்று 'தண்ணி'யையும் சேர்த்தார். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டே தண்ணியைத் தடுத்த மகராசன்!

அடுத்த வாரம் அமுதா வந்தாள். அவள் கணவர் செல்வராஜ் சவூதியில் தம்மாமில் லாரி ஓட்டுகிறார்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு அசிங்கமா எழுதிட்டாருன்னு கடைத்தெருவுல சிரிக்கிறாங்க. எங்க அண்ணன் போன் போட்டு அவரத் திட்டிடுச்சு. அப்படி என்னக்கா எழுதினாரு?"

திரையில் இப்படி இருந்தது: 'நம்ம பக்கம் ★★★★ வந்துச்சா? பாத்தவங்க சொல்லுங்க.'

"தண்ணிம்மா. ஆத்துல தண்ணி வந்துச்சான்னு கேட்டிருக்காரு."

சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "தண்ணி விடுற சமயத்துல அவருக்கு அங்க இருப்பே கொள்ளாதுக்கா. இப்ப எழுதுறதையே விட்டுட்டாரு."

நேரே பாயிடம் போனேன். "ஃபில்டர எடுத்துடுங்க பாய். ஒவ்வொண்ணையும் நான் படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்."

"ஏம்மா, போலீஸ் வந்தா நீயா பதில் சொல்லுவ?"

"சொல்றேன் பாய்."

பாய் ஃபில்டரை எடுத்துவிட்டார். அன்றைக்கே செல்வராஜ் எழுதியதை நட்சத்திரம் இல்லாமல் போட்டேன். கீழே நானே பதிலும் எழுதினேன்: 'வந்துடுச்சு. கலங்கலா, நுரையோட வருது.' கடைத்தெருவின் வாய் அடங்கியது. இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: 'இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.'

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சட்டம் வேண்டும். அந்த டீச்சரை நினைத்தால் வேண்டவே வேண்டும். ஆனால் வார்த்தையை மட்டும் பார்த்துப் பூட்டாதீர்கள். யாரைக் குத்த எழுதியது, யாரைத் தேடி எழுதியது என்று ஒரு ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

வெப்சைட்டை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆற்றில் புதுத் தண்ணி வரும்போதெல்லாம் பாலத்தில் போய் நிற்கிறேன். அவ்வளவு ஏக்கமாக இருக்கிறது. தண்ணி வந்துவிட்டது, கேட்கத்தான் ஆள் இல்லை.