அம்மா தென்னேரிக்கு வாழப் போனது

இந்த நினைவு மலரைப் பெறுபவர்களில் பாதிப் பேர் அம்மாவைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளியாக அறிந்தவர்கள். மீதிப் பேர் தென்னேரிக்காரர்கள். அவர்களுக்கு அம்மா, ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஊருக்கு வாழ வந்தவர். இரு தரப்பாரும் ஒரே பந்தலில் அமர்ந்திருக்கும் இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில், மகளாகிய நான் நடந்ததை நடந்தபடி சொல்ல விரும்புகிறேன்.

அம்மா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம் ஒன்றின் மூன்றாவது குழந்தையாகப் பிறந்தார். பத்தொன்பது வயதில் அப்பாவை மணந்து நான்கு தெரு தள்ளிக் குடிவந்தார். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும், திரும்பி வந்து தறியில் உட்கார்ந்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்ததும் அவர்தான். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் தென்னேரி விவசாயி ஒருவரின் மனைவி இருந்தார். அந்த அம்மாளுக்கும் சேர்த்தே அம்மா கஞ்சி கொண்டுபோவார். ஓராண்டு இடைவெளியில் அப்பாவும் அந்த அம்மாளும் எங்களை விட்டுப் போனார்கள்.

எனக்குச் சென்னையில் திருமணம் ஆனது. தம்பிக்கு ஓசூரில் வேலை. ஆறு ஆண்டுகள் அம்மா தனியாக இருந்தார். ஒருநாள் அந்த விவசாயியின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் அப்பாவை மணந்துகொள்ளச் சம்மதமா என்று அம்மாவிடம் நேராகவே கேட்டார். அம்மா காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

தம்பி உடனே சரி என்றான். அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா, வேறு சமூகத்தில் இந்த வயதில் கல்யாணமா என்று கோபப்பட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். நானும் குறைந்தவள் அல்ல. மாமியார் வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன் என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆனால் அம்மாவை உறுத்தியது எங்கள் பேச்சு மட்டுமல்ல. "அந்த வீட்ல விளக்கு எந்தப் பக்கம் ஏத்துவாங்கன்னுகூட எனக்குத் தெரியாதுமா. காலைல எழுந்தா கைக்கு என்ன வேலைன்னு தெரியாது," என்றார். தறியும் தெருவும் கோயிலுமாக வாழ்ந்தவருக்கு வயற்காடு கண்ணுக்கே பழகாத இடம்.

யாரிடமும் சொல்லாமல் மூன்று முறை தென்னேரிக்குப் புறப்பட்டிருக்கிறார். முதல்முறை வழியிலுள்ள வாலாஜாபாத்தோடு திரும்பிவிட்டார். இரண்டாம் முறை தென்னேரி வரை போயும் இறங்காமல், அதே பேருந்தில் திரும்பி வந்தார். யாராவது விசாரித்தால் தன்னை யாரென்று சொல்வது எனத் தெரியவில்லையாம். மூன்றாம் முறை இறங்கி, குழாயடியில் நின்ற ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். எந்த ஊர் என்று அவர் கேட்டதும், இங்கே வாழ வரலாமா என்று பார்க்க வந்ததாக அம்மா உண்மையையே சொல்லிவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"தண்ணி நல்லா இருக்குதா? அப்புறம் இன்னாமா, வா," என்றாராம்.

அடுத்த வாரம் என்னை அழைத்து முடிவைச் சொன்னார். பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம் போவட்டும்னு ஆறு மாசமா பாத்துக்கினு இருக்கேன். அது போவல. நான் போறேன்மா."

பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் நடந்தது. மாமா வரவில்லை. முதல் சில மாதங்கள் அம்மா அழுததும் உண்டு. வரப்பில் வழுக்கி விழுந்ததும் உண்டு. தென்னேரி அப்பா, அவரை நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம், அம்மாவின் தறிக்கு, நெய்பவர் காலை இறக்கி உட்காரும் குழியைத் தானே வெட்டினார். அளவு தெரியாமல் ஆழமாக வெட்டிவிட்டதால் அம்மாவின் கால் மிதிகட்டைக்கு எட்டாமல் தொங்கியது. அந்த வீட்டில் அம்மா முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். பிறகு இருவருமாக மண் போட்டுச் சரிசெய்தார்கள். பதினோரு ஆண்டுகள் அங்கே நெய்தார், நாற்று நட்டார், பேரப்பிள்ளைகளுக்கு ஏரியைச் சுற்றிக்காட்டினார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், அவர் முகத்தில் நான் பிள்ளைப்பருவத்தில் பார்த்திராத ஒரு நிதானத்தைப் பார்த்தேன்.

கடைசி எட்டு மாதங்கள் புற்றுநோயோடு கழிந்தன. அம்மாவைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட தென்னேரித் தங்கைக்கு, அன்று எங்கள் வீட்டுக்குக் கேட்க வந்த அதே மகளுக்கு, நான் பட்ட கடன் பெரிது. குழாயடியில் தண்ணீர் தந்த அக்கா, நாள் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். சிகிச்சையளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், இறுதி நாளில் வேலையை விட்டு ஓடிவந்த பிள்ளையார்பாளையத்து உறவுகளுக்கும், தோள்கொடுத்த தென்னேரி ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்த தென்னேரி அப்பாவுக்கு எழுத்தில் நன்றி சொல்லி முடியாது.

மாமா இறுதிச் சடங்குக்கு வந்தார். நேராகத் தென்னேரி அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இம்மலரின் முதல் பக்கத்தில் அம்மாவின் படத்துக்குக் கீழே கணவர் பெயராக இருவர் பெயரும் அச்சாகியுள்ளன. எப்படிப் போடுவது என்று நானும் தம்பியும் தயங்கியபோது, "ரெண்டு பேரையும் போடுமா," என்றவர் மாமாதான்.