பேய்ப்பட இடைவேளையில் ஒருவர் கேட்டது

போன வருடம் தீபாவளி முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பவானியில் ஒரு தியேட்டரில் மதியக் காட்சி, பேய்ப்படம். நானாகப் போகவில்லை. என்னோடு தறி ஓட்டும் பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"டேய் மாப்ள, இப்படியே ஊட்டுக்குள்ள குந்திட்டிருந்தீன்னா பூசணம் புடிச்சுரும்டா. கெளம்பு."

வண்டியில் நடுவில் உட்காரவைத்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அப்போது என் அக்கா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காய்ச்சல் என்று படுத்தவள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே இறந்துவிட்டார். அப்பா ரிக் வண்டியில் வடக்கே போர்வெல் போடப் போனால் எப்போதாவதுதான் வருவார். எனக்குச் சோறு போட்டது, தலை துவட்டிவிட்டது, திட்டியது எல்லாம் அக்காதான். எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும், குமாரபாளையத்தில் அவள் வேலை செய்த தறிப்பட்டறையிலேயே என்னையும் சேர்த்துவிட்டாள்.

தறி ஓடும் இடத்துக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். கூடவே கொஞ்சம் கை ஜாடை. எதிர்த் தறியில் நின்றுகொண்டு அக்கா, "சாமி, ராத்திரிக்கு என்ன ஆக்கறது?" என்று வாயை மட்டும் அசைப்பாள். நான் இங்கிருந்து, "எதையோ ஆக்கு, தக்காளிச் சோறு மட்டும் வேண்டாம்" என்பேன். "அப்ப அதேதான்" என்பாள்.

வீட்டில் டிவி பார்ப்பதும் இப்படித்தான். எங்களுடையது லைன் வீடு. பக்கத்து வீட்டு அண்ணன் விடிகாலையில் தறிக்குப் போகிறவர், இருட்டியதும் படுத்துவிடுவார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, உதட்டைப் பார்த்தே ஒரு சீரியலைப் பார்த்துவந்தோம்.

அந்த சீரியலைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு பங்களா, இரண்டு மருமகள்கள். சின்ன மருமகளை எப்படி விரட்டுவது என்று மாமியாரும் பெரிய மருமகளும் திட்டம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த வீட்டில் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. படுக்கப் போகும்போதும் பட்டுச்சேலைதான். ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால், சுற்றி நிற்கிற எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். ஆனால் பேசுகிறவர் முகத்தை நன்றாகக் கிட்டத்தில் காட்டுவார்கள். எங்களுக்கு அது போதும்.

யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால்தான் சிக்கல். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அப்போது அக்கா தானே வசனம் சொல்லுவாள். ஒரு தடவை மாமியார் அந்தப் பக்கம் திரும்பி நின்று கோபமாக என்னவோ பேசினார். அக்கா உடனே குரலை மாற்றிக்கொண்டு, "எந்தப் பட்டறையில ஓட்டுன சேலடி இது? கரையெல்லாம் நூலு அறுந்து தொங்குது. இதக் கட்டிட்டு நான் எப்படிச் சண்டைக்குப் போறது?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் சுவரைத் தட்டினார்.

அவள் போன பிறகு ஒரு நாள் அதே சீரியலைப் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே மாமியார் முதுகைக் காட்டிப் பேசினார். வீட்டுக்குள் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அணைத்துவிட்டேன். சின்ன மருமகளைத் துரத்திவிட்டார்களா, இருக்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, பேய்ப்படத்துக்கு வருகிறேன். எனக்குப் பயமே வரவில்லை. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன ஒரு பெண், தன் சொந்த வீட்டுக்கே பேயாக வருகிறாள். வந்து என்ன செய்கிறாள்? யாரும் இல்லாதபோது அடுப்பைப் பற்றவைக்கிறாள். தூங்குகிற தம்பியின் போர்வையை இழுக்கிறாள். தியேட்டரே கத்தியது. ஒருவேளை இழுத்துப் போர்த்திவிடத்தான் வந்தாளோ என்னவோ, படம் எடுத்தவர்கள் அதை யோசிக்கவே இல்லை. உனக்கு என்ன வேணும் என்று அந்த வீட்டில் ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. அவளுக்கு முகம் முழுக்க முடியைப் போட்டு மூடியிருந்தார்கள். உதடு தெரியவில்லை. அவள் என்னவோ சொல்ல வருகிறாள், முடியைக் கொஞ்சம் ஒதுக்கினால் தெரிந்துவிடும் என்று நான் சீட்டின் நுனிக்கே வந்துவிட்டேன்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு மந்திரவாதி வந்தார். வாசற்படியில் ஆணி அடித்தார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது, பேய் வெளியே. எல்லோரும் விசில் அடித்தார்கள். பக்கத்திலிருந்த பையன், "அவ்வளவுதான்டா, சோலி முடிஞ்சுது" என்று என் தொடையில் தட்டினான்.

எங்கள் வீட்டு வாசற்படியிலும் அப்படி ஒரு ஆணி இருக்கிறது. காரியம் முடிந்த அன்று என் அத்தை ஆள் வைத்து அடித்தது. சின்ன வயதில் போனவள், ஆசை தீராமல் திரும்பி வருவாள் என்றார்கள். எதுக்குங்கத்தை என்று கேட்டேன். "உன்னையும் கூட்டிட்டுப் போயிட்டான்னா நான் எங்க சாமி போவேன்?" என்று அத்தை அழுதது. ஆனால் எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேயாக வந்தாலும் பரவாயில்லை, வரட்டும். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பையனுக்கு என்னவோ பிடித்துக்கொண்டது என்று கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போவார்கள்.

திரையில் கதவு சாத்தியதும் என்னை அறியாமல் என் வாய் அசைந்தது. "தொறந்து உடுங்க. அது அவ ஊடுதான." சத்தம் வரவில்லை. தறிக்காரன் பழக்கம்.

விளக்கு போட்டார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். ஜனங்கள் முறுக்கு, பப்ஸ் என்று எழுந்து கூச்சல் போட்டுக்கொண்டு போகிற அந்தச் சந்தடியில், அவர் வாயை மட்டும் அசைத்துக் கேட்டார்:

"ஆருங்க போனது?"

அவரும் தறிக்காரர் என்று அப்போதுதான் புரிந்தது. திரை வெளிச்சத்தில் என் உதட்டைப் படித்துவிட்டார். நானும் சத்தமில்லாமல் சொன்னேன். "அக்காங்க."

"ஆணி அடிச்சுட்டாங்களா?"

தலையை ஆட்டினேன்.

அவர் மடியிலிருந்த குழந்தையைக் காட்டி, கையை அதைவிடக் கொஞ்சம் உயரமாக வைத்தார். "இவளுக்கு மூத்தவன். எங்கூட்டுலயும் அடிச்சாங்க."

"புடுங்கிட்டீங்களா?"

"இல்லீங்க, கெடக்கட்டும்னு உட்டுட்டேன். அவன் ஏறிக் குதிக்காத செவுரு எங்க லைன்ல ஒண்ணு இல்ல. இந்த ஆணியத் தாண்டத் தெரியாதா அவனுக்கு?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவே இல்லை. பிறகு கேட்டார்: "உங்கக்கா எப்படி? நல்லாப் பேசுமா?"

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எத்தனையோ பேர். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் காய்ச்சல், ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை, இதைத்தான் கேட்டார்கள். அவள் எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். தக்காளிச் சோறு, அவள் திட்டுகிற திட்டு, சீரியல், மாமியாரின் சேலை எல்லாம் சொன்னேன். ஒரு சத்தம் இல்லை, வாயும் கையும்தான். சேலை வசனத்துக்கு அந்த அக்கா வாய்விட்டே சிரித்துவிட்டார். மடியில் தூங்கிய குழந்தை எழுந்துகொண்டது. பப்ஸோடு வந்த பையன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆருடா அது, தெரிஞ்சவங்களா?"

"ஆமாடா" என்றேன்.

விளக்கை அணைத்துவிட்டார்கள். இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. படம் நல்ல படம் இல்லை என்று பையன்கள் சொன்னார்கள், பேய் கடைசியில் எரிந்துபோகிறதாம். வெளியே வண்டி எடுக்கிற கூட்டத்தில் அந்த அக்காவைத் தேடினேன். அவர் தன் வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பிப் பார்த்து, "வாரேன் சாமி" என்று உதட்டை அசைத்தார். எந்த ஊர் என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்போதும் எங்கள் பட்டறைக்குப் புதிதாக யாராவது வேலைக்கு வந்து எதிரே நின்றால், உங்கக்கா எப்படி என்று ஒரு தடவை கேட்டுவிட மாட்டார்களா என்று, தறியைக்கூட மறந்து அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.