பூஜ்யத்தில் யார் உட்காருவது

மாத்தளையில் நான் படித்த கம்ப்யூட்டர் வகுப்பில் கடைசியாக ஒரே ஒரு பரீட்சைதான் மிச்சம். பாஸானால் அங்கேயே உதவி டீச்சர் வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் பேர் பதிய வேண்டும். "பொட்டியத் தட்டினது போதும்" என்று அப்பா, தோட்டத்தில் ஆள் பதியும் கங்காணியிடம் சொல்லியே வைத்துவிட்டார்.

பரீட்சைக்கு வந்தது டெக். இரண்டு பக்கமும் ஆள் சேரலாம், விலகலாம் என்கிற வரிசை. முன்கதவும் பின்கதவும் உள்ள பஸ்தானே, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். டிஸ்பென்சரியில் காத்திருக்கும் ஐந்து நோயாளிகளை அதில் போட வேண்டும். ஃப்ரண்ட் என்று கேட்டால் முதல் ஆளின் பேர் வரும், பேக் என்றால் கடைசி ஆள். அட் என்று ஓர் இலக்கம் கொடுத்தால் அந்த இடத்தில் இருப்பவர் வருவார். இலக்கம் பூஜ்யத்தில் தொடங்கும் என்று வகுப்பெடுக்கும் சேர் முதல் மாதமே சொல்லியிருந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

எங்கள் பஸ்ஸில் முதல் சீட் ஹாமுதுருமாருக்கு, அதாவது பௌத்த பிக்குமாருக்கு. பின்கதவில் ஆள் தொங்கினாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். ராணுவ செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, மறுபடி ஏற்றிய ஒருநாள் கால்வலியில் அதில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பூஜ்யமும் அப்படி ஒதுக்கிய இடம்தான் என்று நானே முடிவுகட்டினேன். அதை வெறுமையாக விட்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை நோயாளிகளை உட்கார வைத்தேன்.

சேர் வந்து ஃப்ரண்டைக் கேட்டார். திரையில் ஒன்றும் வரவில்லை. திரையைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, மொதல் ஆளக் காணல்லியே?"

"அது ஹாமுதுரு சீட்டுங்க சேர்."

மாத்தளை டவுன் முஸ்லிம் அவர், அதே பஸ்களில் போய் வருகிறவர். விளங்கியதும் இருமல் வரும்வரை சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொறகு பூஜ்யத்துல யாரங்க உக்கார வைக்கிறது?"

"மொதல் ஆளத்தான். ஒனக்கு முன்னால எத்தின பேர் ஈக்கிங்கிறதுதான் அந்த நம்பர். மொதல் ஆளுக்கு முன்னால ஒத்தரும் இல்லியே."

இதை முதல் மாதமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! வெட்கமும் கோபமுமாக நின்றேன். சரிசெய்யப் பத்து நிமிடம் தந்தார். வெற்றிடத்தை எடுத்துவிட்டேன், ஃப்ரண்ட் ஒழுங்காகப் பேசியது.

"இப்ப அஞ்சாவது ஆளக் காட்டு."

அவசரத்தில் அட்டுக்கு ஐந்து என்று கொடுத்தேன். அப்படியோர் இடமே இல்லை என்று புரோகிராம் பொத்தென்று நின்றுபோனது. கங்காணியின் முகம்தான் தெரிந்தது. ஐந்தாவது ஆளுக்கு முன்னால் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணினேன். நாலு. நாலு என்று மாற்றியதும் பேர் வந்தது. பேக்கைக் கேட்டால் அதே ஆள்.

"பாஸ்" என்றார் சேர், இன்னும் சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வீட்டில் சொன்னதும் அப்பா தலையில் கை வைத்தார். "கங்காணிகிட்ட இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போவேன்? நேத்துதானே கெஞ்சிட்டு வந்தேன்!" என்றவர், சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

அம்மா துணிப்பெட்டிப் பக்கம் போனார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஒன்றை எனக்கென்று வெட்டித் தைத்து, எனக்குத் தெரியாமல் பெட்டிக்கடியில் வைத்திருந்திருக்கிறார். அதை வெளியே இழுத்து, அடுப்புத்துணிக்கென்று இரண்டாகக் கிழித்தார்.