கொட்டாஞ்சேனையில் நின்ற ட்ரெய்லர்

இந்த நாட்டில் கோடை தொடங்கியதும் சனங்கள் வீட்டை விட்டு ஓடுகிறார்கள். நாலு அறையுள்ள வீட்டைப் பூட்டிவிட்டு, காருக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கொழுவிக்கொண்டு, காட்டுக்குள் போய் அந்தப் பெட்டிக்குள் ஒடுங்கிப் படுக்கிறார்கள். இடம் கிடைக்க மாதக்கணக்கில் முன்பதிவு வேறு. டொரொன்டோவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைக்குள் ஏழு பேராக வளர்ந்தவனுக்கு ஒடுங்கிப் படுப்பது விடுமுறையாகத் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அது சொன்னால் விளங்காது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் காம்பிங் போகிறார்கள், நாங்கள் மட்டும்தான் கலியாண வீடுகளுக்குப் போகிறோம் என்று மகள் அழுதாள்.

நான் லொறிகளுக்குப் பெட்டி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன். கடையில் விற்கும் ட்ரெய்லர்களைத் தட்டிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் பிஸ்கட் தகரம் மாதிரிச் சத்தமிட்டது. நானே ஒன்று செய்தேன். அடியில் கனத்த இரும்புச் சட்டம், சுவருக்கு இரண்டடுக்குப் பலகை, அதற்கு மேல் அலுமினியத் தகடு, மூலைக்கு மூலை வெல்டிங். யானை சாய்ந்தாலும் நெளியாது. முன்வீட்டு பில் தினமும் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்று பார்ப்பார். ஒருநாள், "மாமியாருக்கா?" என்று கேட்டுக் கண்ணடித்தார். "இல்லை, என் மாமியார் ஸ்காபரோவில் மச்சானுடன் இருக்கிறார், சுகமாக இருக்கிறார்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டு போனார். அது பகிடி என்று மனைவி இரவுச் சாப்பாட்டின்போதுதான் விளங்கப்படுத்தினாள்.

ட்ரெய்லரின் படங்களைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். அவன் உடனே போன் எடுத்தான். "அண்ணா, இதை மாதிரி இங்கயும் ஒண்டு செய்யலாமோ? பிள்ளையை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்." எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அதுவரை எங்களுக்குள் கதைக்க எதுவும் இருக்கவில்லை. மழை பெய்கிறதா, பனி கொட்டுகிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் வீடியோவில் அவன் முற்றத்தைப் பார்த்தேன். மட்டக்குளியிலிருந்து வெல்டிங் வேலை தெரிந்த ஒரு பாஸ் வந்தார். நான் இங்கிருந்தபடி சட்டத்தை எப்படிப் பொருத்துவது, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் எங்கே ரப்பர் வைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். செலவைப் பார்த்து மெல்லிய பலகை போடப் போனவர்களைத் தடுத்து, "கனமாப் போடு, காலத்துக்கும் நிக்க வேணும்" என்றது நான்தான். முடிகிற நேரத்தில், "கதவுக் கொண்டியை வெளிப்பக்கம் போடலாமோ?" என்று தம்பி கேட்டான். கள்ளருக்காக என்று நினைத்தேன். ஆமைப்பூட்டும் போடு என்றேன்.

எங்கள் அப்பா வெள்ளவத்தையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஆயுள் முழுக்க வேலை செய்தவர். காலையில் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, காலி வீதியில் இறங்கி, முதலாளிக்கு முன்னால் போய்க் கடை திறப்பார். அவருக்குக் கொஞ்சம் மறதி என்று தம்பி சொல்லியிருந்தான். வீடியோவில் அவர் தலையசைப்பார், சிரிப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன தைக்குச் சொல்லாமல் கொட்டாஞ்சேனையில் போய் இறங்கினேன். ஒரு வேலைநாள் பகல். தம்பி துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி ஹெவ்லொக் டவுனில் படிப்பிக்கிறவள், அவளும் இல்லை. முன்கதவு பூட்டியிருந்தது. பக்கத்து ஒழுங்கையால் முற்றத்துக்குப் போனேன். என் ட்ரெய்லரின் தங்கச்சி போல அது நின்றது. சில்லுகளைக் கழற்றிக் கல்லில் ஏற்றியிருந்தார்கள். வெளிக்கொண்டியில் ஆமைப்பூட்டு. உள்ளே இருந்து யாரோ ஆறுதலாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோபமாக அல்ல, கடைக் கவுண்டரில் ஆள் கூப்பிடத் தட்டுவது போல.

ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தேன். அப்பா வெளுத்த சேட்டுப் போட்டு, மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு, நான் பிள்ளைக்காக வரைந்து அனுப்பிய வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஏன் பஸ் எடுக்கினம் இல்லை?" என்று என்னைக் கேட்டார். "கடை திறக்க நேரமாகுது. முதலாளி பேசுவார்."

"அப்பா, நான் குமரன்."

"நல்லது. ட்ரைவரைக் கண்டா ஒருக்காச் சொல்லும்."

பூட்டின் திறப்பு என்னிடம் இல்லை. தோளால் கதவை இடித்தேன். கல்லால் அடித்தேன். அது அசையவில்லை. எப்படி அசையும்? ஒவ்வொரு மூலையையும் சொல்லிச் சொல்லிச் செய்வித்தது நான். தம்பி வேலையால் வரும்வரைக்கும் வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் நானும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

தம்பி என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. களைத்துப் போனவன் போல முதலில் பூட்டைத் திறந்தான், அப்பாவைக் கழுவி உடுப்பு மாற்றினான், பிறகுதான் என்னிடம் வந்தான்.

"மிருகத்தைக்கூட இப்பிடி அடைக்கமாட்டினம்" என்றேன்.

"நாலு தரம் காணாமல் போனவர் அண்ணா. ஒருக்காப் பொலிஸ் கொண்டுவந்து விட்டது. ஒருக்கா நடு ரோட்டில நிண்டவர். நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போகாட்டி ஆர் சோறு போடுறது? பிள்ளைக்கு ஓ.எல். சோதினை, அவளுக்கு அந்த அறை வேணும்."

"அதுக்கு இதுவோ?"

"உங்கட வீட்டில நாலு அறை. ஒண்டில வச்சிருங்கோவன்."

"விசா குடுக்கமாட்டாங்கள். அந்த வயசுக்கு, இந்த வருத்தத்தோட..."

"உங்களுக்கும் ஆரும் விசா குடுக்காமல் இருந்திருந்தா நல்லம்" என்றான்.

அடுத்த நாளே வெள்ளவத்தையில், வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் கடற்கரைப் பக்கத்து ஃப்ளாட் ஒன்றை எடுத்து, மிச்ச விடுமுறைக்கு அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். நல்ல மகன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன். காலையில் காலி வீதிக்குக் கூட்டிப்போவேன். அவருடைய கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. அப்பா ஷட்டரைத் தடவிப் பார்த்து, "திறப்பு ஆரிட்ட?" என்பார். மூன்றாம் கிழமை அவரை அடிக்க எனக்கே கை ஓங்கிவிட்டது. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

விடுமுறை முடிந்தது. அப்பாவைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். பகலில் பார்க்க ஒரு அம்மாவை ஒழுங்கு செய்தேன். ஸ்குரூ ட்ரைவர் எடுத்து அந்தக் கொண்டியை நானே கழற்றினேன். தம்பி பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்கள் கழட்டுறீங்கள். நாளைக்கு நீங்கள் போயிடுவீங்கள்" என்றான்.

மாசியில் ஒரு காலை, அந்த அம்மா தேநீர் போடப் போன நேரத்தில் அப்பா வெளிக்கிட்டுவிட்டார். சாப்பாட்டுப் பையோடு ஒருவர் பஸ் ஏறியதைச் சந்தியில் பழக்கடைக்காரர் கண்டிருக்கிறார். வெள்ளவத்தையில் அவர் இறங்கியதை ஒருவரும் காணவில்லை. ஆஸ்பத்திரிகள், பொலிஸ், கோயில்கள், பிரேத அறை எல்லாம் தம்பி ஏறி இறங்கினான். பிறகு எனக்குப் போன் எடுத்தான். நான் வாய் திறக்க முதல், "இப்ப சந்தோசமோ அண்ணா?" என்று கேட்டுவிட்டு வைத்தான். அப்பா இன்றுவரை கிடைக்கவில்லை.

அவருடைய படத்தை முகநூலில் போட்டேன். கீழே தம்பியின் இலக்கமும் என் இலக்கமும். தம்பி இப்போது தெரியாத அழைப்புகளை எடுப்பதில்லை. ஆகவே எல்லாம் எனக்குத்தான் வருகின்றன.

இந்த ஆடியில் காம்பிங் போனோம். முன்பே பதிந்த இடம், பிள்ளைகளிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. காலையில் பைன் மரங்களுக்கு நடுவே நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப் அடித்தது. களனியிலிருந்து ஒரு பெண். விகாரைக்குப் பக்கத்தில் பூ விற்கிறாளாம். படத்தில் உள்ள ஐயா போல ஒருவர் மத்தியானத்திலிருந்து தன் கடையடியில் இருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னாள். என் சிங்களம் கடைத்தெருவோடு நின்றுபோனது, அதுவும் துருப்பிடித்துவிட்டது. "அவரைக் கதைக்கக் குடுங்கோ" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

மூச்சுச் சத்தம் கேட்டது. "அப்பா?" என்றேன்.

"புதா?" என்றது ஒரு முதியவரின் குரல். மகனே என்று சிங்களத்தில். அது என் அப்பாவின் குரல் இல்லை. "புதா, எனவாத?" வருகிறாயா?

இல்லை என்று சொல்லும் சொல் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்.

"மம எனவா" என்றேன். நான் வருகிறேன்.

அவர் அழத் தொடங்கினார். பூக்காரி தொலைபேசியை வாங்கி, நீங்கள் வரும்வரை கடையைப் பூட்டமாட்டேன், பயப்பட வேண்டாம் மஹத்தயா என்று சொல்லிவிட்டு வைத்தாள். நான் அவளுக்குத் திரும்பப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ட்ரெய்லரின் கதவைத் திறந்து மகள் தலையை நீட்டினாள். "அப்பா, வாறீங்களா இல்லையா?"

"வாறன்" என்றேன். அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.