கழுவிய கூழாங்கற்கள்

நான் செய்தது பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரு வேலைதான். அதை வெளியே சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அறுபதுகளில் மாதுங்காவில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தற்காலிக வேலை. அவருடைய மேலதிகாரி ஆறு மாத லீவில் கப்பலேற இருந்தார். அவரது ஆறு தங்கமீன்களையும் பார்த்துக்கொள்வதாக, மீனே வளர்த்தறியாத இவர் ஒப்புக்கொண்டு வந்தார். திரும்பி வந்ததும் வேலையை நிரந்தரமாக்குவதாக அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார்.

தாராவியில் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலி பாய்தான் மீன்களுக்குக் கண்ணாடித் தொட்டி செய்து கொடுத்தார். அவரே வந்து தண்ணீர் நிரப்பி, தன் பழைய தொட்டியின் கூழாங்கற்களை அடியில் பரப்பினார். கல்லெல்லாம் பழுப்பாக வழவழத்தன.

"இந்த வழவழப்புலதாம்மா உசுரு இருக்கு. மீனு விடுத வெஷத்த இதுதான் தின்னும். தெனம் ஒரு சிட்டிக தீனி போட்டு, ஒரு மாசம் சும்மா விடுங்க. அழுக்குன்னு நெனச்சு கழுவிராதீங்க."

மீனே இல்லாத தண்ணீருக்குத் தினமும் தீனி போட்டோம். திவசத்துக்குச் சோறு வைப்பது போலிருந்தது. நாலாம் நாள் தண்ணீர் கஞ்சியாக வெளுத்தது. பிறகு ஒரு நாற்றம்.

"ஏன்னா, சமைக்கற எடத்துல இப்படி நாறறதே" என்றேன்.

"நாறினா நாறட்டும். நீ அதுல கை வைக்காம இருந்தாப் போறும்."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் வாரம் தண்ணீர் தானாகவே தெளிந்தது. ஆனால் கண்ணாடியில் பழுப்புப் படிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை குடங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் புதுத் தண்ணீர் பிடிக்காமல் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். மாதம் முடிந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மாலை அதிகாரியே மீன்களோடு வருவதாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை இவர் ஆபீஸ் போனதும் தொட்டியைக் காலி செய்தேன். கூழாங்கற்களை உப்புப் போட்டு, நாரால் தேய்த்து, வெந்நீரில் அலசினேன். குழாய்த் தண்ணீரை நிரப்பியதும் தொட்டி பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை.

"பாய் சொன்னபடி சும்மா விட்டதுல கண்ணாடிகூடத் தெளிஞ்சுடுத்து பாத்தியா" என்று மாலையில் இவர் மலர்ந்துபோனார். நான் காப்பி கலக்கப் போனேன்.

சனிக்கிழமை வாளியில் வந்த மீன்களைத் தொட்டிக்கு மாற்றினார்கள். தொட்டியை அதிகாரி வியந்து பார்த்தார். "ஒரு மாசமா தொடவே இல்ல சார்" என்றார் இவர். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாளி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் இரண்டு மிதந்தன. மற்றவை ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசி மீன் உயிரோடிருந்தபோது இவர் ஓடிப்போய் பாயை அழைத்து வந்தார்.

பாய் ஒரு கல்லை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சில தண்ணிக்கு ஒரு மாசம் காணாது சார்" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் இவர்.

அன்றே அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். தபால் பெட்டி வரை நடக்கத் தெம்பில்லை என்று என்னிடம் கொடுத்தார். நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.