விரிப்பின் மறுமுனை

எங்கள் சலவைக்கூடத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. காலையில் உள்ளே நுழையும்போது திறக்கும் வாய், சாயங்காலம் சைக்கிளில் ஏறும்வரை மூடாது. துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியவன். வீட்டிலும் அதே தொண்டைதான் என்று அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புவது எங்கள் பிழைப்பு. ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை எனக்கு, மறுமுனை அவனுக்கு. வருடக்கணக்காக அப்படித்தான். ரொம்பக் கசங்கிய விரிப்பு வந்தால், "இதுல படுத்தவன் தூங்கல அக்கா, விடிய விடிய குஸ்தி போட்டிருக்கான்" என்பான். "உன் வாயையும் கொஞ்சம் சலவைக்குப் போடேன்டா" என்பேன் நான்.

அந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஏதோ களைப்பு என்று நினைத்தோம். ஒருநாள் மறுமுனையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். நான் இழுக்கிறேன், அவன் அசையவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிகிறது, துடைக்கக்கூடக் கை எழவில்லை.

"என்னடா ஆச்சு?"

"தெரியல அக்கா. ஒண்ணுமே தெரியல."

மனச்சோர்வு என்றார் டாக்டர். மருந்தும் சில மாதம் ஓய்வும் எழுதிக் கொடுத்தார். எங்கள் மேனேஜர் தங்கமான மனுஷன். ஒரு கேள்வி கேட்காமல் விடுப்புக் கொடுத்தார்.

அவன் திரும்பி வருவதற்கு முதல் நாள் எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார். "யாரும் அவரைக் கிண்டல் பண்ணக் கூடாது. பட்டப்பேரு வேண்டாம். அதட்டக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பி, "முக்கியமா நீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவன் நல்லதுக்குத்தானே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

வந்தவனுக்குப் பின்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. கைத்துண்டு மடிக்கும் வேலை. அதற்கு இரண்டாவது ஆள் தேவையில்லை. எல்லோரும் அவனிடம் ஐ.சி.யூ. வாசலில் பேசுவதுபோலக் குசுகுசுவென்று பேசினோம். தோளில் கைபோட்டு வம்புக்கு இழுக்கும் வேன் டிரைவர்கூட, "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றான். சாராமே சார்! அவன் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனான்.

இரண்டு வாரம் போயிருக்கும். அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள்.

"வேலைய விடப் போறேங்கிறார் அக்கா. வெள்ளிக்கிழமை மேனேஜர்கிட்ட சொல்லிடுவாராம். வேலையும் போச்சுன்னா மறுபடி ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துடுவார். அந்த நாளையெல்லாம் என்னால இன்னொரு தடவ பாக்க முடியாது."

வெள்ளிக்கிழமை காலையில் நேரே பின்னறைக்குப் போனேன்.

"ஏன்டா போறேங்கிற? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்றதில்ல அக்கா. அதான் தாங்கல. நான் கூடத்துக்குள்ள வந்தாலே பேச்சு நின்னுடுது. உயிரோடதான இருக்கேன்?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! யார்மேல் என்று கேட்காதீர்கள், எல்லோர்மேலும்தான்.

"எந்திரிடா ரேடியோ!" என்று கத்தினேன். "உன் இடத்துக்கு வந்தவன் விரிப்பை மடிக்கல, மூட்டை கட்டுறான். வந்து அந்த முனையப் பிடி."

மேனேஜர் அறையை விட்டு ஓடி வந்தார். ரேடியோ வந்து பிடித்தான். முதல் விரிப்பே கோணல்.

"இது மடிப்பாடா, மலைப்பாதையா?"

"அம்மா, கொஞ்சம்..." என்று மேனேஜர் பதறினார்.

அவன் விரிப்பை ஏற இறங்கப் பார்த்தான். "கோணலா இழுத்தது நீங்க அக்கா. நான் இல்லாம கெட்டுப்போயிட்டீங்க."

டிரைவர் குபீரென்று சிரித்துவிட்டான். நான் அடுத்த விரிப்பை உதறினேன்.

திட்டினால் மனச்சோர்வு தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படியென்றால் என் வீட்டுக்காரர்தான் உலகத்திலேயே சந்தோஷமான ஆளாக இருந்திருப்பார். மத்தியானத்துக்குள் ரேடியோவின் முகம் மறுபடி இருண்டுவிட்டது. சாயங்காலம் ஒன்றும் சொல்லாமல் மேனேஜர் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. நான் மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவன், "திங்கக்கிழமை காலைல வரமாட்டேன் அக்கா" என்றான்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"மாத்திரை போட்டா காலைல தலை சுத்துது. சூட்டு உருளைக்கிட்ட நிக்க பயமா இருக்கு. கொஞ்ச நாளைக்குப் பத்து மணிக்கு வரேன், ஆனா கூடத்துலதான் நிப்பேன்னு கேட்டேன். சரின்னுட்டார். 'உனக்கு என்ன வேணும்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும்ப்பா'ன்னு வருத்தப்பட்டார்."

"அதை முதல்ல சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா, தடியா!"

"சில நாள் பேச வராது அக்கா. அப்ப என்ன ஏதுன்னு கேக்காதீங்க. சும்மா மடிப்போம்."

"சரிடா."

சைக்கிளில் ஏறியவன் ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினான்.

"பத்து மணி வரைக்கும் யாரை வேணா வெச்சு மடிங்க. அப்புறம் என் முனைய யாருக்கும் குடுத்துடாதீங்க அக்கா."